ஒன்றரை எங்கிருந்து வந்தது?

ராசிபுரம் பக்கத்தில் அம்சவேணி டீச்சரைத் தெரியாத வீடு குறைவு. 'சென்டம் அம்சவேணி' என்றால் சட்டென்று புரியும். இருபத்து நான்கு வருடம் ஒரே தனியார் பள்ளியில் கணக்கு எடுத்தவர். பள்ளியின் பெயர் நமக்கு வேண்டாம்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் ஒரு லிஸ்ட் கொடுப்பார். நாற்பது கணக்குகள். கேள்வி, வழி, விடை எல்லாம் அதிலேயே இருக்கும். நாற்பதையும் நெட்டுருப் போட்ட பிள்ளை தேறிவிடும். நன்றாக நெட்டுருப் போட்ட பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

நெட்டுருப் போட வராத பிள்ளைகளும் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் உண்டு. எட்டாவது முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து போன் போகும். "வேற ஸ்கூல் பார்த்துக்குங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யார் யாரை அனுப்புவது என்று எழுதிக் கொடுப்பது கணக்கு டீச்சரின் வேலை. அம்சவேணி வருடா வருடம் எழுதிக் கொடுத்தார்.

அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு மே மாதத்தில், மூன்று பெயர்கள் எழுதினார். அதில் ஒன்று தமயந்தி.

டி.சி. வாங்கிய மத்தியானம் தமயந்தியும் அவள் அம்மாவும் பள்ளி கேட்டுக்கு வெளியே புங்கமர நிழலில் நின்றிருந்தார்கள். அம்சவேணி குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண் ஓடி வந்தாள்.

"மிஸ், எனக்கு எந்த இடத்துல புரியலைன்னு சொல்லுங்க மிஸ். லீவுல அதை மட்டும் உட்கார்ந்து படிச்சுக்கறேன்."

அம்சவேணி வாயைத் திறந்தார். அந்தப் பெண் வாங்கிய மார்க்குகள் தெரியும். இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தேழு. அதற்கு மேல் அவளைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

"நல்லாப் படிம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. நான்காம் நாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார்.

பள்ளித் தாளாளர் சிரித்தார். "தனியா டியூஷன் சென்டர் போடறீங்களா மிஸ்? உங்க பேருக்குக் கல்யாண மண்டபம் புடிச்சாலும் இடம் பத்தாதே."

"போடத்தான் போறேன். சின்னதா. புரிய வச்சு அனுப்பற இடமா."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் குடையை வாங்கி விரித்துக் கொடுத்தார். "கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க மிஸ். உங்ககிட்டப் படிச்ச கோகிலவாணின்னு ஒரு புள்ளை. புதுச்சத்திரம் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில டியூஷன் எடுக்குது. போய்ப் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"நீங்க அனுப்பற புள்ளைங்கல்லாம் அங்கதானுங்க போவுது."

கோகிலவாணி. பதினேழு வருடத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த பெயர்.

*

பண்ணையின் பழைய முட்டைக் குடோன்தான் வகுப்பு. தகரக் கூரை. தரையில் பாய். சுவரோரமாகக் காலி முட்டை அட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. பதினான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு கணக்குக்காகத்தான் சண்டை. நடுவில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொரு வயது. காதோரம் ஒரு தழும்பு. அதை வைத்துத்தான் அம்சவேணிக்கு அடையாளம் தெரிந்தது.

"வாங்க மிஸ்" என்று எழுந்தாள் கோகிலவாணி. அவளுக்கு அடையாளம் தேடவேண்டியிருக்கவில்லை.

"கோகிலா, அன்னிக்கு நான் உன்னை..."

"மிஸ், இன்னிக்குப் பாடம் அது இல்லைங்க. வந்த விஷயம் சொல்லுங்க."

அம்சவேணி சொன்னார். வேலையை விட்டது, தமயந்தி கேட்டது, சொல்லத் தெரியாமல் நடந்தது, எல்லாம். "சின்னதா ஒரு சென்டர் போடணும். எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலைன்னு இப்பத்தான் தெரியுது. நீ சொல்லிக் குடு."

கோகிலவாணி பாயில் ஓர் இடத்தைக் கைகாட்டினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில். "அங்க உட்காருங்க மிஸ்."

"எத்தனை நாள்?"

"கால் மரத்துப் போறது நிக்கற வரைக்கும்."

அம்சவேணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

*

மூன்றாம் நாள் கோகிலவாணி கேட்டாள். "பின்னத்தை பின்னத்தால வகுக்கணும்னா என்ன பண்ணுவீங்க மிஸ்?"

"ரெண்டாவதைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்."

"ஏனுங்க திருப்பணும்?"

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்சவேணி சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். இருபத்து நான்கு வருடம் திருப்பச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியலை" என்றார்.

பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பெண் எழுந்து போய்ப் படியும் உழக்கும் எடுத்து வந்தாள். கோழித் தீவனத்தைப் படியில் தலைதட்ட நிரப்பினாள். "மிஸ், ஒரு படியில எத்தனை உழக்கு?"

"நாலு."

"உழக்குன்னா கால்படி. ஒண்ணைக் காலால வகுக்கறதுன்னா, ஒண்ணுக்குள்ள கால் எத்தனை தடவை இருக்குதுன்னு கேக்கறது. நாலு தடவை. ரெண்டு படின்னா?"

"எட்டு."

"நாலால பெருக்கிட்டீங்க பாத்தீங்களா? திருப்பச் சொல்லவே இல்லை. தானாத் திரும்பிக்குச்சு." பிறகு அவள் படியிலிருந்து ஓர் உழக்குத் தீவனத்தை எடுத்துவிட்டுக் கேட்டாள். "இப்ப முக்கால்படி. இதுல அரைப்படி எத்தனை இருக்குது?"

அம்சவேணி கணக்குப் போடவில்லை. படியைப் பார்த்தார். ஓர் அரைப்படி. மிச்சம் கால்படி. அது அரைப்படியில் பாதி.

"ஒண்ணரை" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். யார் சரியாகச் சொன்னாலும் அங்கே கைதட்டுவார்கள் போல.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் அம்சவேணி கேட்டார். "உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லைங்க. டி.சி. வாங்கிட்டு ஒரு வருஷம் இங்கதான் முட்டை அடுக்கற வேலை. ஒரு அட்டையில அஞ்சு வரி, வரிக்கு ஆறு. எண்ணாமலே முப்பதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்ச அன்னிக்குத்தான் பெருக்கல்னா என்னன்னு புரிஞ்சுது. அப்பறம் திரும்பவும் ஸ்கூலுக்குப் போனேன். காலேஜ் போனேன். பண்ணைக்காரர் இந்தக் குடோனைச் சும்மா குடுத்தாரு."

"என் மேல கோவம் இல்லையா கோகிலா?"

"இருந்துச்சுங்க மிஸ். நெறைய வருஷம் இருந்துச்சு. அப்பறம் இவங்கெல்லாம் வர ஆரம்பிச்சாங்க. கோவப்பட நேரமில்லாமப் போயிருச்சு."

*

மே கடைசியில் அம்சவேணி சொன்னார். "பஜார் தெருவுல மாடியில ஒரு ரூம் பார்த்திருக்கேன். ஜூன்ல ஆரம்பிக்கலாமா?"

"முதல் பிள்ளை யாருங்க மிஸ்?"

"போர்டு மாட்டினா வருவாங்க."

"வர்றவங்க வரட்டும். நீங்க யாரைக் கூப்பிடப் போறீங்க?"

அம்சவேணிக்குப் புரிந்தது. மறுநாளே தமயந்தி வீட்டைத் தேடிக்கொண்டு போனார்.

அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னும் என்னங்க மிச்சம் இருக்குது?"

"உங்க பொண்ணு என்னை ஒரு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. அவகூட உட்கார்ந்தாத்தான் கண்டுபிடிக்க முடியும். அனுப்புங்கன்னு கேக்க வந்தேன்."

"அப்ப அன்னிக்கு எதுக்குங்க அனுப்புனீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன்."

அம்மா வாசலை விட்டு ஒதுங்கி நின்றாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "தமயந்தி, வெளிய வா. உன்ற மிஸ் வந்திருக்குது."

*

ஜூன் முதல் வாரம் மாடிப்படி கொள்ளாமல் கூட்டம் வந்தது. சென்டம் அம்சவேணி தனியாக ஆரம்பிக்கிறார் என்றால் சும்மாவா? எல்லாப் பெற்றோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

"லிஸ்ட் எப்ப மிஸ் குடுப்பீங்க?"

"லிஸ்ட் கிடையாது. புரிய வைப்பேன். பத்துப் பேருக்கு மேல எடுக்க மாட்டேன்."

கூட்டம் வந்த வழியே இறங்கியது. மாதக் கடைசியில் ஐந்து பிள்ளைகள் மிஞ்சினார்கள். அதிலும் ஒருவன் பக்கத்து வீடு என்பதால் வந்தவன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஒரு கோச்சிங் சென்டர் வந்தது. அங்கே நூற்றிருபது பிள்ளைகள். சேரும்போதே ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அம்சவேணியின் பழைய லிஸ்ட்தான். அழகாக அச்சடித்து அட்டை போட்டிருந்தார்கள்.

அம்சவேணி கோகிலவாணியிடம் போனார். "அஞ்சே பேர். சனிக்கிழமை தவறாம டெஸ்ட் வைக்கறேன். புரிஞ்சுதா இல்லையான்னு டெஸ்ட் வச்சாத்தானே எனக்குத் தெரியும்? ஆனா டெஸ்ட்டுன்னாலே தமயந்தி பயந்துட்டு வெறும் பேப்பரைக் குடுக்கறா. வைக்கவா, வேண்டாமா?"

கோகிலவாணி அவரைக் குடோனுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். அங்கே தடுப்புக்குள் அன்று வந்த கோழிக்குஞ்சுகள் இருந்தன. மேலே மஞ்சள் பல்பு தொங்கியது. ஒரு பெரியவர் பல்பின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குஞ்சுகளையே பார்த்து நின்றார். கயிற்றை ஒரு சாண் மேலே இழுத்துக் கட்டினார்.

"சூடு எவ்வளவுன்னு எப்படிங்க தெரியும்?" என்று அம்சவேணி கேட்டார்.

"குஞ்செல்லாம் பல்புக்கடியில அடைஞ்சு கெடந்தா குளிருதுன்னு அர்த்தமுங்க. ஓரமா ஒதுங்கிப் போச்சுன்னா சூடு சாஸ்தி. அங்கங்க பரவலா நின்னு மேஞ்சா சரியா இருக்குது."

"தெர்மாமீட்டர் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஆணியில தொங்குது."

கோகிலவாணி சொன்னாள். "அவர் லீவுல போற அன்னிக்கு நாங்க அதைத்தான் பாப்போம் மிஸ்."

அடுத்த சனிக்கிழமை அம்சவேணி டெஸ்ட் வைக்கவில்லை. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். தமயந்தி கணக்குப் போடும்போது அவள் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். ஒவ்வொரு கணக்கிலும் ஒரே மாதிரி ஓர் இடத்தில் அவள் பென்சில் நின்றது. கணக்கை வாசிக்கும்போதே நின்றது. 'மடங்கு' என்ற சொல் வரும் இடத்தில்.

"மடங்குன்னா என்ன தமயந்தி?"

"மடக்கறதுங்க மிஸ். துணி மடக்கற மாதிரி."

மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டு இரண்டு மாதம் பள்ளிக்குப் போகாதவள் அவள். அந்த இரண்டு மாதத்தில்தான் அந்தச் சொல் வந்துபோயிருக்கிறது. ஒருமடங்கு, இருமடங்கு, மும்மடங்கு என்று எல்லாரும் சொல்லும்போது இவள் துணியை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு முறை மடித்தால் இரண்டு, இன்னொரு முறை மடித்தால் நான்கு. அதற்குத் தக்கபடிதான் விடையும் போட்டிருக்கிறாள். அவள் போட்டதெல்லாம் அவள் கணக்குக்குச் சரி.

அம்சவேணி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "இங்கதான்மா உனக்குப் புரியலை. இந்த ஒரு இடத்துலதான்" என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் எடுக்கவில்லை.

*

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆறு வருடத்துப் பாக்கி ஆறு மாதத்தில் தீருமா? புதிதாகச் சேர்ந்த பள்ளியின் அரையாண்டுத் தேர்வில் தமயந்தி கணக்கில் முப்பத்தொன்று வாங்கினாள். முப்பத்தைந்து வாங்கினால்தான் தேர்ச்சி.

கோச்சிங் சென்டர் வாசலில் எண்பது, தொண்ணூறு என்று போட்டோவோடு பேனர் கட்டினார்கள்.

தமயந்தியின் அம்மா மாடியேறி வந்தாள். இந்த முறை அவள் கோபப்படவில்லை. அதுதான் அம்சவேணிக்குத் தாங்கமுடியவில்லை.

"மிஸ், நீங்க நல்லாப் பாத்துக்கறீங்க. அவளும் சிரிச்ச மூஞ்சியாத்தான் வீட்டுக்கு வர்றா. ஆனா முழுப்பரீட்சையில தேறலைன்னா மில்லு வேலைக்கு அனுப்பிருவேன்னு அவங்கப்பா ஒத்தைக்கால்ல நிக்கறாரு. ஊருக்கெல்லாம் லிஸ்ட் குடுத்தீங்க. எம்புள்ளைக்கு மட்டும் ஏனுங்க இல்லைங்கறீங்க?"

மறுநாள் அம்சவேணி குடோனில் போய் நின்றார். உட்காரவில்லை. "கோகிலா, லிஸ்ட் குடுத்தா அவ தேறிடுவா. குடுக்கலைன்னா தேறுவாளான்னு தெரியாது. என் கொள்கைக்காக அந்தப் பொண்ணு மில்லுக்குப் போகணுமா? ஒரே ஒரு தடவை குடுக்கட்டுமா? தப்பா?"

'வேண்டாம்' என்பாள் என்று எதிர்பார்த்தார். அதற்கு மறுபேச்சுகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"குடுங்க மிஸ்" என்றாள் கோகிலவாணி.

அம்சவேணி திகைத்தார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான். குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உட்காருங்க. வாயைத் திறக்காதீங்க."

*

அப்படியே செய்தார். பழைய ஒன்பதாம் வகுப்பு லிஸ்ட்டைத் தமயந்தி கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

தமயந்தி முதல் கணக்கைப் படித்தாள். பென்சிலால் ஏதோ போட்டுப் பார்த்தாள். தலையாட்டினாள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. நெட்டுருப் போடும் முணுமுணுப்பு வரும் என்று அம்சவேணி காத்திருந்தார். வரவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாக நிதானமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

பதினேழாவது கணக்கில் நின்றாள். திரும்பப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"மிஸ், இது தப்பா இருக்குதுங்க."

அம்சவேணி வாயைத் திறக்கவில்லை.

"ஒரு தண்ணீர்த் தொட்டியின் நீளம் மூன்று மீட்டர், அகலம் இரண்டு மீட்டர். அதில் எத்தனை லிட்டர் பிடிக்கும்னு இருக்குது. கீழ வழியில மூணு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ஒன்றரைன்னு போட்டிருக்குது. ஒன்பதாயிரம் லிட்டர்னு விடை." பென்சில் முனையை ஒன்றரைமேல் வைத்தாள். "இந்த ஒன்றரை எங்கிருந்துங்க மிஸ் வந்துச்சு?"

அம்சவேணி தாளை வாங்கிப் பார்த்தார். கேள்வியில் ஆழம் இல்லை. எந்த வருடமோ புதிதாக டைப் அடித்தபோது அந்த வரி விழுந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள். எல்லோரும் மூன்று பெருக்கல் இரண்டு பெருக்கல் ஒன்றரை என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டார்.

"ஆழமா இருக்கும்ங்களா மிஸ்?" தமயந்தி தானே பேசிக்கொண்டே போனாள். "ஒன்றரை மீட்டர் ஆழம்னா ஒன்பதாயிரம் வருது. அப்ப ஆழம்தான். எழுத மறந்துட்டாங்க. ஒன்றரை மீட்டர்னா நான் உள்ள நின்னா தண்ணி உச்சந்தலை வரைக்கும் வந்துரும். பாவம், யாராச்சும் ஆழம் தெரியாம எறங்கியிருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அம்சவேணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மிஸ்? ஏன் மிஸ்?"

"ஒண்ணுமில்லை. பதினெட்டாவது போடு."

அடுத்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு விளையாட்டு ஆரம்பமானது. ஐந்து பிள்ளைகளும் ஆளுக்கொரு கணக்கு எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். என்ன காணோம், ஏன் அது இல்லாமல் ஆகாது என்று சொல்லவேண்டும். பக்கத்து வீடு என்பதால் வந்த பையன் இப்போது மாடிப்படியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தான். தெருவுக்குக் கேட்கும்படி சண்டை போட்டார்கள். கீழே செருப்புக்கடைக்காரர் இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டு, மூன்றாம் முறை தன் மகளைக் கொண்டுவந்து விட்டார்.

அம்சவேணி பரீட்சை வரை ஒரு நாளும் லீவு போடவில்லை. ஒரு வாரம் காய்ச்சலோடே வகுப்பு எடுத்தார்.

முழுப்பரீட்சையில் தமயந்தி ஐம்பத்தெட்டு வாங்கினாள். கோச்சிங் சென்டரில் அதைவிட அதிகம் வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். யாரும் அவளுக்குப் பேனர் கட்டவில்லை. அவள் அப்பா லாரியிலிருந்து இறங்கியவர், மார்க் சீட்டை இரண்டு தரம் பார்த்தார். பத்தாவதுக்கு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த லோடுக்குப் போனார்.

*

ஜூன் பிறந்தது. அம்சவேணியிடம் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். பத்தாவது பிள்ளையைக் கொண்டுவந்தவர் நவநீதன் என்று ஒருவர். இருபது வருடத்துக்கு முன்னால் அவரிடம் படித்தவர். இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மகள் தன்விகாவுக்கு ஆறாம் வகுப்பு.

நவநீதன் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நான் சென்டம் மிஸ். உங்களாலதான். இப்பவும் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"கணக்கெல்லாம் ஞாபகம் இருக்காப்பா?"

"ஒண்ணும் இல்லீங்க மிஸ்" என்று சிரித்தார். "கடையில பில்லுக்குக்கூட மெஷின்தான். பாப்பா ஏதாச்சும் கேட்டா எனக்குப் பயமாப் போயிருது. எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே இவளுக்கும் சொல்லிக் குடுத்துருங்க."

நன்றியோடுதான் சொன்னார். அம்சவேணி தன்விகாவை அன்று மாலையிலிருந்தே வரச் சொன்னார். அவர்கள் போனதும் அறையைப் பூட்டிவிட்டுப் புதுச்சத்திரத்துக்கு பஸ் ஏறினார்.

குடோனில் கோகிலவாணி பாய்களை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். அம்சவேணி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நவநீதன் வந்ததைச் சொன்னார்.

"கால்ல விழுந்தான் கோகிலா. ஒரு வார்த்தை குறை சொல்லலை. நீயாவது என் மேல கோவப்பட்ட. அவனுக்கு எதை இழந்தோம்னே தெரியலை. இந்த மாதிரி எத்தனை பேர்! இருபத்து நாலு வருஷத்துப் பிள்ளைங்க. நல்லாப் படிச்சேன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. கணக்கைக் கண்டா பயப்படறாங்க."

கோகிலவாணி பாயின் சுருக்கத்தைக் காலால் நீவினாள்.

"இவங்க பத்துப் பேருக்கு எப்படியோ சொல்லிக் குடுத்துருவேன்" என்றார் அம்சவேணி. "அவங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது? இனிமே எப்படிங்க அதைச் சரி பண்றது?"

கோகிலவாணி நிமிர்ந்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பாப்பா எத்தனை மணிக்குங்க மிஸ் வருது?"

"அஞ்சரைக்கு."

"அப்ப நாலு பத்து பஸ்ஸைப் புடிங்க. அதை விட்டா அஞ்சே காலுக்குத்தான்."